எக்ஸ்ரே மங்கியது யாரால்?

"அந்தக் காலத்து பிலிம் எக்ஸ்ரேயில் என்ன சார் தெரியும்? எல்லாம் புகைமூட்டம். இப்போ டிஜிட்டல் வந்துடுச்சு, பளிச்சுனு இருக்கு." கடலூரில் பென்ஷனர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சை மாதம் இரண்டு தடவையாவது கேட்கிறேன். நமக்கெல்லாம் எழுபது தாண்டிவிட்டது. முட்டி, முதுகு, மார்பு என்று எக்ஸ்ரே எடுக்காத ஆள் நம்மில் இல்லை. அதனால் எல்லோருக்கும் இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. என் அபிப்பிராயம் வேறு. பிலிம் மங்கலாக இருந்ததற்கு பிலிம் காரணமில்லை. அதை மங்கச் செய்தவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேசைகள் இன்னும் அப்படியே இருப்பதால், டிஜிட்டல் வந்தும் கவலை தீரவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் டாக்டர் அல்ல, ரேடியோகிராபரும் அல்ல. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு தாய்வழிச் சொந்தம் இருந்த கடலூருக்கு வந்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி மருத்துவத் துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். ஓய்வு பெறும் வரை இரண்டு மூன்று ஊர்களில் ஸ்டோர்ஸ் செக்ஷன், பில் செக்ஷன் என்றுதான் காலம் போனது. பிலிம் பெட்டி, டெவலப்பர், ஹைப்போ, கேசட் எல்லாவற்றுக்கும் இண்டென்ட் என் கை வழியாகத்தான் போகும். இங்கிலீஷ் கேட்லாக் புரியாமல் விழித்தபோது எனக்குக் கை கொடுத்தது, பாண்டிச்சேரியில் உறவினர் வீட்டில் கிடந்த ஒரு பழைய பிரெஞ்சு ரேடியோகிராபி கைநூல். பிரெஞ்சில் மங்கலுக்கு 'ஃப்ளூ' என்று பெயர் (காய்ச்சல் அல்ல!). படம் மங்குவதை அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: தூரமும் கோணமும் சரியில்லாமல் வரும் மங்கல், ஆள் அசைவதால் வரும் மங்கல், திரையாலும் பிலிமாலும் வரும் மங்கல். எங்கள் அலுவலகத்தில் நான்காவதாக ஒன்றையும் பார்த்தேன். அது கோப்பில் பிறப்பது. அந்தப் புத்தகத்தில் அது இல்லை.

முதலில் பிலிமின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படமெடுத்தார். மோதிரமும் விரல் எலும்பும் அதில் தெரிந்தன. முதல் உலகப் போரில் மேரி கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியை ஏற்றிப் போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார். அந்த வண்டிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'குட்டிக் கியூரிகள்' என்று அழைத்தார்கள். சேற்றிலும் குண்டு மழையிலும் நின்றுகொண்டு, உடம்புக்குள் தங்கிய குண்டுச் சில்லை அந்தக் கருவி காட்டியது. நம் சென்னையில் 1934இலேயே பர்னார்டு பெயரில் ரேடியாலஜி நிலையம் வந்துவிட்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னது அந்த மையம்தான். அந்த நோயாளிகளின் மார்பை மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க உதவியது எது? பிலிம்தான். நுண்ணிய கோடுகளைப் பிரித்துக் காட்டுவதில் நல்ல பிலிம் இன்றைய பல டிஜிட்டல் தகடுகளுக்குக் குறைந்ததல்ல.

அப்படியானால் நம் கையில் வந்த படம் ஏன் சாம்பல் பூத்து இருந்தது?

பிலிமில் இருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு. பால் மாதிரி, சூட்டில் கெடும். இருபது டிகிரிக்குப் பக்கத்தில், ஈரம் அதிகமில்லாத அறையில், பெட்டிகளைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அழுத்தக் கறை விழும். நம் ஊட்டியில் 1960களில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கினார்கள். 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். ஊட்டிக் குளிரில் பிறந்த அந்தப் பிலிம் மலை இறங்கி எங்கே வந்து சேர்ந்தது? உப்புக்காற்று அடிக்கிற நம் கடலோர மாவட்டத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஸ்டோர் ரூமில்.

அது வந்த மாதத்தையும் சொல்ல வேண்டும். மார்ச். ஒதுக்கீட்டுப் பணம் மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் லாப்ஸ் ஆகிவிடும். அதனால் வருஷம் முழுவதற்கும் வேண்டிய பிலிமை மார்ச் கடைசியில் மொத்தமாக வாங்குவார்கள். வாங்கி வைத்த ஒரு மாதத்தில் அக்னி நட்சத்திரம். ஸ்டோர் கீப்பர் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் பிலிம் வெந்துகொண்டிருக்கும். ஆகஸ்டில் அந்தப் பிலிமை எடுத்து, கதிரே காட்டாமல் கழுவிப் பார்த்தால்கூட வெள்ளையாக இராது, லேசாகப் புகை படிந்திருக்கும். நோயாளி வந்து நிற்பதற்கு முன்பே படத்தில் பாதி போய்விட்டது. ஸ்டோருக்கு ஒரு ஏ.சி. கேட்டு எழுதிய கோப்பு மூன்று வருஷம் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதே மூன்று வருஷத்தில் அதிகாரி அறைக்கு இரண்டு ஏ.சி. வந்தது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், பலரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அடுத்தது டார்க் ரூம். டெவலப்பர் தொட்டி 20 டிகிரியில் இருந்தால் பிலிமை ஐந்து நிமிஷம் அதில் வைக்க வேண்டும் என்பது பாடம். மே மாதத்தில் நம் ஊர் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். டெவலப்பர் சூடானால் படம் இரண்டே நிமிஷத்தில் கறுக்கும், ஜெலட்டின் இளகும், புகை படியும். தொட்டியைச் சுற்றி ஐஸ் போட்டுச் சமாளித்த நல்ல ரேடியோகிராபர்களை எனக்குத் தெரியும். ஐஸ் வாங்கிய செலவுக்கு வவுச்சர் வைத்தால், "எக்ஸ்ரேக்கும் ஐஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆடிட் கேட்கும். அவர்களும் எத்தனை நாள்தான் கைக்காசு போடுவார்கள்? பிறகு எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பிலிமைத் தொட்டியில் விட்டு, சிவப்பு விளக்கில் தூக்கித் தூக்கிப் பார்த்து, "போதும்" என்று தோன்றியதும் எடுத்து ஹைப்போவில் போட்டுவிடுவது.

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. அரைவேக்காட்டில் எடுத்தாலும் படம் கறுப்பாக வரவேண்டும் என்றால் கதிரைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு நோயாளியின் உடம்பு விலை கொடுத்தது. டெவலப்பர் பழசாகி டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தாலும் இதே கதைதான். புதுசு கலக்க ஸ்டாக் இல்லை என்றால், அந்தக் குறையைக் கதிரால்தான் ஈடுகட்டுவார்கள். அதற்குப் பதிவேடு கிடையாது.

பதிவேடு எதற்கு இருந்தது தெரியுமா? வெள்ளிக்கு. ஹைப்போ, பிலிமில் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதனால் கழிவு ஹைப்போவை ஏலம் விடுவார்கள். அதில் பத்து லிட்டர் குறைந்தால் ஆடிட் அப்ஜெக்ஷன், விளக்கம், நினைவூட்டுக் கடிதம் என்று என் மேசை நிரம்பும். ஆனால் அந்த மாதம் எத்தனை படம் கெட்டுப்போய்த் திரும்ப எடுத்தார்கள், ஒருவருக்கு எத்தனை தடவை கதிர் பாய்ந்தது என்று ஒரு ஆடிட்டரும் என்னைக் கேட்டதில்லை. கரைந்துபோன வெள்ளிக்கு இருந்த மரியாதை மனுஷனுக்கு இல்லை.

டெண்டர் கதைக்கு வருகிறேன். கேசட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளை அட்டை மாதிரி திரை இருக்கும். கதிர் பட்டால் அது ஒளிரும், அந்த ஒளிதான் பெரும்பாலும் பிலிமைக் கறுக்கவைக்கும். பழைய திரை கால்சியம் டங்ஸ்டேட், அது நீலமாக ஒளிரும். 1970களுக்குப் பிறகு அரிய மண் உலோகங்களில் செய்த திரைகள் வந்தன. அவற்றில் பல பச்சையாக ஒளிரும். குறைந்த கதிரில் நல்ல படம் வரும், பெரிய நன்மை. ஆனால் பச்சைத் திரைக்குப் பச்சையை உணரும் பிலிம் வேண்டும். டார்க் ரூம் விளக்கின் வடிகட்டியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். 1990களில் ஓர் இடத்தில், கேசட் பச்சைத் திரை, டெண்டரில் குறைந்த விலைக்கு வந்தது நீலப் பிலிம். அளவு சரியாக இருந்தது, பன்னிரண்டுக்குப் பதினைந்து. பெட்டி எண்ணிக்கையும் சரியாக இருந்தது. ஒளியும் பிலிமும்தான் ஒத்துப்போகவில்லை. ரேடியோகிராபர் எழுதிக் கொடுத்தார், நானும் நோட் போட்டு மேலே அனுப்பினேன். "ஒதுக்கீட்டுக்குள் சமாளிக்கவும்" என்று திரும்பி வந்தது. சமாளித்தார்கள். எப்படி என்று இனி சொல்ல வேண்டியதில்லை, கதிரைக் கூட்டித்தான்.

இப்போது நம் வயதுக்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம், தூரம். மார்பு எக்ஸ்ரேயை ஆறடி தூரத்தில் குழாயை வைத்து, மார்பைக் கேசட்டில் அழுத்தி, முதுகுப் பக்கமிருந்து எடுக்க வேண்டும். இருதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால் அது கேசட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், நிழல் பெரிதாகாது. சுவரில் விழும் கை நிழல் மாதிரிதான். கை சுவரை விட்டு விலகி விளக்கை நெருங்கினால் நிழல் பூதாகாரமாகும். தூரத்தை மூன்றடியிலிருந்து ஆறடி ஆக்கினால் கதிர் கால் பங்காகக் குறையும். அதை ஈடுகட்டப் பலமுள்ள இயந்திரம் வேண்டும். பலமில்லாத சின்ன இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அதிலும் சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும்போது, அவர்கள் என்ன செய்வார்கள்? குழாயைக் கிட்டே கொண்டுவருவார்கள், இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுவார்கள். கிட்டே வந்தால் இருதயம் பெரிதாகத் தெரியும். நேரம் கூடினால் துடிக்கிற இருதயமும் மூச்சும் படத்தைக் கலைக்கும். "இருதயம் வீங்கியிருக்கு" என்று கேட்டுத் தூக்கம் தொலைத்தவர்களில் எத்தனை பேருக்கு வீங்கியது நிழல் மட்டும்தானோ!

மூச்சு விஷயம் பைசா செலவில்லாதது. பாண்டிச்சேரியில் 'ந ரெஸ்பிரே ப்ளு' என்பார்கள், மூச்சு விடாதீர்கள் என்று அர்த்தம். நம் பக்கம் "இழு... பிடி... விடு". நன்றாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, பின் விலா எலும்பு ஒன்பது பத்து வரை எண்ணலாம். அரைகுறையாக இழுத்தால் அடி நுரையீரல் நெருங்கி, சளி கட்டியது மாதிரி தெரியும். காது மந்தமான பெரியவரிடம் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கொடுத்துவிட்டு பட்டனை அமுக்கினால் அவருக்கு எங்கே கேட்கும்? முன்கூட்டியே பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். அரை நிமிஷம் போதும்.

அந்த அரை நிமிஷம் இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் உறவுக்காரப் பெண், கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். இருமலுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் உச்சியில் நிழல் என்றார்கள். காசநோய் என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் போனது. இரண்டு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே தெரியாது. பிறகு வேறோர் இடத்தில், அனுபவசாலியான ஒரு ரேடியோகிராபர் அம்மா அந்தப் பெண்ணின் பின்னலைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லித் திரும்ப எடுத்தார். நிழலைக் காணோம். எண்ணெய் தேய்த்துப் பின்னிய கனத்த சடை தோளில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். சடை, தாயத்து, ஊக்கு, தாலிக்கொடி, கேசட்டுக்குள் விழுந்த ஒரு தூசி, எல்லாமே எக்ஸ்ரேயில் நோயாக வேஷம் போடும். எந்த இயந்திரமும் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. சடையை ஒதுக்குவதற்கு ஒரு மனுஷி வேண்டும், அவளுக்கு நேரம் வேண்டும்.

"கூட்டம் அப்படி சார், ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது பேர்" என்று பதில் சொல்வார்கள். கூட்டம் உண்மை. நான் டெக்னீஷியன்களைக் குற்றம் சொல்லவில்லை. டார்க் ரூம் உதவியாளர் பணியிடம் காலி, அவர் வேலையையும் சேர்த்துப் பார், ஸ்ட்ரெச்சரையும் தள்ளு என்றால் எவரால் முடியும்? ஆனால் கெட்ட படத்தைத் திரும்ப எடுக்கவும் நேரம் ஆகிறதே! அவசரத்தில் மிச்சம் பிடித்த அரை நிமிஷத்துக்குப் பத்து நிமிஷம் போகிறது, இரண்டு பிலிம் போகிறது. காட்டுமன்னார்கோவிலிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறி வந்தவர் "நாளைக்கு வா" என்று கேட்டால், அவருக்கு ஒரு நாள் கூலியும் போகிறது.

இனி டிஜிட்டல். வேண்டாம் என்று சொல்லும் பைத்தியக்காரன் அல்ல நான். டார்க் ரூம் இல்லை, ஹைப்போ நாற்றம் இல்லை, படம் தொலைவதில்லை. நல்லதுதான். ஆனால் பிலிமுக்கு ஒரு நேர்மை இருந்தது. கதிர் குறைந்தால் வெளுக்கும், கூடினால் கறுக்கும். கறுத்துப்போன பிலிமை வீட்டில் வைத்திருந்து 1980 சூரிய கிரகணத்தை அதன் வழியாகப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு (அது கண்ணுக்குக் கெடுதல், அது வேறு விஷயம்). தப்பு நடந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டிஜிட்டலில் கதிர் கூடினால் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்து அழகான படமாகவே காட்டிவிடும். குறைந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். எனவே "எதற்கும் கொஞ்சம் கூடவே வைப்போம்" என்று கை தானாகக் கூட்டும். உலகம் முழுக்க நிபுணர்கள் எச்சரித்திருக்கிற விஷயம் இது. எவ்வளவு கதிர் விழுந்தது என்று சொல்லும் ஓர் எண் திரையில் வரும். அதை யார் பார்க்கிறார்கள், யார் குறித்து வைக்கிறார்கள்?

டிஜிட்டல் தகட்டுக்கும் ஏ.சி. வேண்டும், நிலையான மின்சாரம் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், சடையை ஒதுக்கச் சொல்லும் ஆள் வேண்டும். இயந்திரம் வாங்கும் கோப்பு வேகமாகப் போகும், திறப்பு விழாவும் நடக்கும். பராமரிப்புக் கோப்பு நகராது. மேரி கியூரி காலத்து வண்டியில் வந்த படத்தை, கோடி ரூபாய் இயந்திரத்தாலும் நாம் கெடுக்க முடியும்.

கடைசியாக நோயாளியின் கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். பல இடங்களில் பிலிம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வெறும் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், அல்லது மானிட்டரை செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான சாம்பல் படிகள் உள்ள படம், ட்யூப்லைட் பிரதிபலிப்போடு வாட்ஸ்அப்பில் சுருங்கி, அடுத்த டாக்டரிடம் போகிறது. மயிரிழை முறிவு அதில் தெரியுமா? ஒரு காலத்தில் வயலுக்குப் போன விவசாயிகூடத் தன் எக்ஸ்ரேயைப் பழுப்பு உறையில் போட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். ஐந்து வருஷம் கழித்து இன்னொரு டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இன்று அவரிடம் இருப்பது உடைந்த செல்போன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

1. திரும்ப எடுத்த படங்களின் எண்ணிக்கையும் காரணமும் ஒவ்வொரு எக்ஸ்ரே அறையிலும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆடிட் அதைப் பார்க்க வேண்டும்.

2. இயந்திரம் வாங்கும் உத்தரவிலேயே பராமரிப்புக்கும் ஏ.சி.க்கும் ஆளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

3. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இருக்கிறது. அது கேட்கும் தரச் சோதனை எப்போது நடந்தது என்று அறை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

4. நோயாளிக்குப் பிலிமாவது, மூலப் படம் உள்ள குறுந்தகடாவது கொடுக்க வேண்டும். மானிட்டரை எடுத்த போட்டோ எக்ஸ்ரே ஆகாது.

நம்மாலும் சில காரியங்கள் ஆகும். எக்ஸ்ரேக்குப் போகும்போது சங்கிலி, தாயத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். காது கேட்காது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நின்றா, படுத்தா, எவ்வளவு தூரத்தில் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். படுக்கையில் எடுத்த படத்தை வைத்து இருதயம் பெரிது என்றால், நின்று எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். பழைய பிலிம் வீட்டில் இருந்தால் வெள்ளிக்காக வரும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். யாராவது "மிஷின் பழசு சார், அதான் மங்கலா இருக்கு" என்று சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த மிஷினுக்குக் கடைசியாக எப்போது சர்வீஸ் நடந்தது, அதற்கு எந்தத் தேதியில் பணம் கேட்டு எழுதினீர்கள் என்று கேளுங்கள். பதில் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.